புறநகர் ஆண்களில் எத்தனை பேர் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள்: அந்த விழுக்காடு உண்மையில் எதைச் சொல்கிறது?

நிலவழி (இழையைத் தொடங்கியவர்):

ஒரு புறநகர்ப் பகுதியில் வாழும் ஆண்களில் இத்தனை விழுக்காட்டினர் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் என்று ஓர் எண் வெளியானவுடன், அங்குள்ள பள்ளிகள் நன்றாக நடக்கின்றன அல்லது சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. வீடு தேடி வருபவர்கள் அப்படிச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நிதி ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்களும் அதே தீர்ப்பைச் சொல்லும்போது, எந்தச் சிறுவனுக்கு உதவி போய்ச் சேர வேண்டுமோ அவனுக்குப் போய்ச் சேராமல் போகிறது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இந்த எண்ணைப் பெரும்பாலும் 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். படிப்பு முடிந்திருக்கக் கூடிய வயது என்பதால் அந்த எல்லையை வைத்திருக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் அறுபது வயதானவர் ஒருவர் இருந்தால், அவர் பள்ளியை முடித்ததோ விட்டதோ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. புறநகர் என்பதே பிற இடங்களிலிருந்து வந்தவர்களால் வளர்வது என்பதால், அவர் படித்த பள்ளி வேறெங்கோ இருந்திருக்கவும் கூடும். இன்றைய பள்ளிக்கு அவருடைய சான்றிதழில் எந்தப் பங்கும் இல்லை.

கற்பனையாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு புறநகரில் 25 வயதைக் கடந்த ஆண்கள் 1000 பேர். அவர்களில் பள்ளியை முடித்தவர்கள் 500 பேர், அதாவது 50 விழுக்காடு. பத்து ஆண்டுகளில் புதிய குடியிருப்புகள் எழுந்து 600 ஆண்கள் குடிவருகிறார்கள். அவர்களில் 480 பேர் பள்ளியை முடித்தவர்கள். இப்போது 1600 பேரில் 980 பேர், ஏறத்தாழ 61 விழுக்காடு. உள்ளூரில் பிறந்து வளர்ந்த ஒரே ஒரு சிறுவன்கூடக் கூடுதலாகப் படிக்காமலேயே விகிதம் பதினொரு புள்ளி ஏறிவிட்டது. இதை முன்னேற்றம் என்று அறிவித்தால், பழைய குடிகளின் பிள்ளைகள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்கள்.

என் கருத்து இதுதான்: இந்த எண், யார் குடியேறினார்கள் என்பதையும், அவர்களுக்குப் பதினாறு பதினேழு வயது நடந்தபோது அவர்களைச் சுற்றி எத்தகைய வேலை கிடைத்தது என்பதையும் பதிந்து வைத்திருக்கும் ஆவணம். பள்ளியின் தரத்தை அதிலிருந்து நேரடியாகப் படிக்க முடியாது.

கரும்பலகை:

நிலவழி அவர்களுக்கு வணக்கம். உங்கள் கணக்கு சரியானது. ஆனால் அதிலிருந்து நீங்கள் போகும் திசை எனக்குக் கவலை தருகிறது. எல்லாவற்றையும் குடிபெயர்வின் மேல் ஏற்றிவிட்டால், பள்ளிக்குள் நடப்பதைக் கேட்க ஆளிருக்காது. உயர்நிலை வகுப்புகளில் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: சிறுவர்கள் ஒரே நாளில் பள்ளியை விட்டு நிற்பதில்லை. முதலில் ஒரு பாடத்தில் பின்தங்குகிறார்கள். பிறகு அந்தப் பாடம் இருக்கும் நாளில் வராமல் போகிறார்கள். அதன்பின் வராத நாள்கள் கூடுகின்றன. பதிவேட்டில் பெயர் நீக்கப்படும்போது, அந்த முடிவு எடுக்கப்பட்டு ஓராண்டாவது ஆகியிருக்கும்.

சிறுவர்கள் கல்வியிலிருந்து விலகிப்போவது பற்றி யுனெஸ்கோ 2022ஆம் ஆண்டில் உலகளாவிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. விவரம் கிடைத்த 142 நாடுகளில் 130 நாடுகளில், தொடக்க வகுப்புகளை மீண்டும் படிக்க நேர்வது சிறுமிகளைவிடச் சிறுவர்களுக்கே அதிகம் என்று அது கூறுகிறது. ஒரே வகுப்பில் இரண்டாம் ஆண்டும் உட்காரும் சிறுவன், தன்னைவிடச் சிறியவர்களோடு அமர்கிறான். பள்ளி இறுதிக்கு வரும்போது வயதில் மூத்தவனாகவும், வேலைக்குப் போகும் வயதை எட்டியவனாகவும் இருக்கிறான். வேலை வந்து அவனை இழுப்பதற்கு முன்பே பள்ளி அவனைத் தளர்த்திவிட்டது.

சிகாகோ நகரின் பள்ளிகளை ஆராய்ந்த எலைன் ஆலன்ஸ்வர்த், ஜான் ஈஸ்டன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வையும் இங்கே நினைவூட்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்பின் முடிவில் அடுத்த வகுப்புக்குப் போதிய பாடங்களை முடித்து, முதன்மைப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாமல் இருந்த மாணவர்கள், மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் மேலான அளவில் நான்கு ஆண்டுகளுக்குள் பள்ளியை முடித்தார்கள். குடும்ப வருமானத்தையும் முந்தைய தேர்வு மதிப்பெண்களையும்விட அந்த ஓராண்டு நன்றாக முன்னறிவித்தது. ஒன்பதாம் வகுப்பு என்பது ஆசிரியரின் கைக்கு எட்டும் இடம். எனவே பள்ளிக்குப் பங்கில்லை என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

எண்மணி:

இருவரும் பேசுவதற்கு முன் தெளிவாக வேண்டியது ஒன்று இருக்கிறது: பள்ளிப்படிப்பை முடித்தவர் என்று யாரை எண்ணுகிறார்கள்? புள்ளிவிவர அட்டவணைகளோடு நெடுங்காலம் பழகியதால் இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நாடுகளை ஒப்பிடுவதற்காக யுனெஸ்கோ வகுத்த பன்னாட்டுக் கல்விநிலை வகைப்பாட்டின் 2011 பதிப்பில், மேல்நிலைக் கல்வி மூன்றாம் நிலை. செருமனியில் வேலையிடத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிப் பயிலும் இளைஞர் அந்தப் பயிற்சியை முடித்தால் மூன்றாம் நிலையை எட்டியவராகவே கொள்ளப்படுகிறார். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 2011 கல்விநிலை அட்டவணையில் மேல்நிலைக்கு ஒரு பத்தியும், தொழில்நுட்பப் பட்டயத்துக்குத் தனியாக இன்னொரு பத்தியும் இருக்கின்றன. பத்தாம் வகுப்பை முடித்துவிட்டுப் பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்ற ஆண், மேல்நிலைப் பத்தியில் வரமாட்டார். தொழிற்சாலைகள் சூழ்ந்த புறநகரில் இப்படிப்பட்டவர்கள் நிறைய இருப்பார்கள். மேல்நிலைப் பத்தியை மட்டும் பார்ப்பவர், பயிற்சி பெற்ற ஆண்களையெல்லாம் இடைநின்றவர்களின் பக்கம் தள்ளிவிடுவார்.

அமெரிக்காவில் சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. அங்கே 1940 கணக்கெடுப்பில்தான் எத்தனை வகுப்பு வரை படித்தீர்கள் என்ற கேள்வி முதன்முதலாக இடம்பெற்றது. 1990இல் அது, எந்தச் சான்றிதழ் அல்லது பட்டம் பெற்றீர்கள் என்பதாக மாறியது. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்குப் போனவரும் சான்றிதழ் பெற்றவரும் ஒருவரல்லர் என்பதால், அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான எண்களை அப்படியே அருகருகே வைக்கக் கூடாது. மேலும், பள்ளியை விட்டு நின்றவர்கள் எழுதும் ஜி.இ.டி. என்ற சமநிலைத் தேர்வு 1942இல் போர்வீரர்களுக்காக உருவானது. ஆண்டுதோறும் நடக்கும் அமெரிக்கச் சமூக ஆய்வில், 2008 வினாத்தாளிலிருந்துதான் முறையான பள்ளிச் சான்றிதழும் இந்தச் சமநிலைச் சான்றிதழும் தனித்தனிக் கட்டங்களாயின.

ஆண்களைப் பொறுத்தவரை இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதிகம் பேசப்படாதது இது. சிறைச்சாலைகள், படைவீரர் குடியிருப்புகள், தொழிலாளர் விடுதிகள் போன்றவை நகரத்துக்கு வெளியே, நிலம் கிடைக்கும் ஓரங்களில்தான் பெரும்பாலும் அமைகின்றன. அவற்றில் இருப்பவர்களில் பெரும் பகுதியினர் ஆண்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பு கைதிகளை அவர்கள் அடைக்கப்பட்டிருக்கும் இடத்திலேயே குடியிருப்பவர்களாக எண்ணுகிறது. பள்ளியை முடிக்காதவர்கள் சிறையில் மிகுதி என்பதால், சிறிய புறநகர் ஒன்றின் எல்லைக்குள் பெரிய சிறை இருந்தால், அவ்வூர்க் குடும்பங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத காரணத்தால் ஆண்களின் விகிதம் சரிந்து நிற்கும். பெண்களின் விகிதம் அசையாமல் இருக்கும். இதற்கு எதிரான பிழையும் உண்டு. வீடுகளை மட்டும் சுற்றி வரும் மாதிரி ஆய்வுகள் சிறையில் இருப்பவர்களை விட்டுவிடுவதால், ஆண்களின் நிலை உள்ளதைவிட நன்றாக இருப்பதுபோல் காட்டுகின்றன.

மாதிரியின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 200 ஆண்களைக் கேட்டு 70 விழுக்காடு என்று வந்தால், உண்மை எண் 64க்கும் 76க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு அடுத்தடுத்த புறநகர்களில் ஒன்று 68, மற்றொன்று 72 என்று வந்ததை வைத்து ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றை இகழ்வது நியாயமாகாது.

செங்காந்தள்:

பயனுள்ள விவாதம், ஆனால் ஒரு கேள்வி. உலகின் பல பகுதிகளில் சிறுமிகளைப் பள்ளிக்கு அனுப்புவதே போராட்டமாக இருக்கும்போது, ஆண்களின் எண்ணைத் தனியாக எடுத்துப் பேசுவதற்கு என்ன தேவை? கவனமும் பணமும் ஒரு பக்கம் சாய்ந்துவிடாதா?

நிலவழி:

கேட்க வேண்டிய கேள்வி. கரும்பலகை அவர்கள் குறிப்பிட்ட அதே யுனெஸ்கோ அறிக்கை, 2020இல் தொடக்க, இடைநிலை, மேல்நிலை வயதில் பள்ளிக்கு வெளியே இருந்த 25 கோடியே 90 இலட்சம் பேரில் 13 கோடியே 20 இலட்சம் பேர் சிறுவர்கள் என்கிறது. ஏறத்தாழச் சரிபாதி. ஆகவே ஒருவரை விட்டு மற்றவரைப் பார்ப்பதற்கு இடமே இல்லை. இருவரையும் பள்ளியிலிருந்து வெளியேற்றும் காரணங்கள் வேறு வேறானவை என்பதால்தான் எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிறுமிகளைத் தடுப்பவை பெரும்பாலும் திருமணமும், வீட்டுப் பொறுப்பும், பாதுகாப்பான போக்குவரத்து இல்லாமையும். சிறுவர்களை வெளியே எடுப்பது பெரும்பாலும் கூலி. இரண்டையும் கூட்டி ஒரே சராசரியாக எழுதினால், இரண்டுக்கும் மருந்து தெரியாமல் போகும்.

வழிப்போக்கன்:

கூலியைப் பற்றி நிலவழி சொன்னதைத் தொடர்கிறேன். இந்தப் பொருளின் மையம் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

டேவிட் அட்கின் என்ற பொருளியலாளர் மெக்சிகோவில் 1986 முதல் 2000 வரை ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தை ஆராய்ந்தார். புதிதாக உருவான ஒவ்வொரு 25 வேலைக்கும் ஒரு மாணவர், பன்னிரண்டாம் வகுப்பு வரை போகாமல் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டார் என்பது அவர் கண்டது. அமெரிக்காவில் ஷேல் பாறையை உடைத்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் தொழில் பரவிய பகுதிகளில், பெண்களோடு ஒப்பிடுகையில் பதின்வயது ஆண்கள் பள்ளியை முடிக்காமல் நிற்பது கூடியதாக எலிசபெத் காசியோ, ஆயுஷி நாராயண் ஆகியோர் காட்டினார்கள். அங்கே பிறந்த வேலைகள் உடலுழைப்பு சார்ந்தவை. அவற்றை எடுத்துக்கொண்டவர்கள் ஆண்கள். மேற்படிப்பிலும் இதே போக்கு தெரிகிறது: 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அமெரிக்காவில் வீட்டு விலைகள் ஏறிக் கட்டுமானம் பெருகிய நகரங்களில் இளைஞர்கள் கல்லூரிக்குப் போவது குறைந்தது, விலைகள் சரிந்து வேலைகள் போன பின்பும், வாய்ப்பைத் தவறவிட்ட அந்தத் தலைமுறையின் கல்விநிலை முழுமையாக மீளவில்லை.

இப்போது புறநகரை நினைத்துப் பாருங்கள். நிலம் வீட்டுமனையாக மாறுவதும், கிடங்குகளும் தொழிற்கூடங்களும் முளைப்பதும், சாலைகள் அகலமாவதும் எல்லாம் அங்கேதான். கட்டடம் கட்டவும், சரக்கு ஏற்றி இறக்கவும், வண்டி ஓட்டவும் ஆள் தேவைப்படுகிறது. பதினேழு வயதுச் சிறுவனுக்கு அவன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அந்த வேலை கிடைக்கிறது. இந்தியக் கணக்கெடுப்பு ஓர் ஊரை நகரத்தன்மை உடையது என்று வகைப்படுத்த வைத்திருக்கும் மூன்று அளவுகோல்களில் ஒன்று, முழுநேர ஆண் உழைப்பாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மைக்கு வெளியே வேலை செய்ய வேண்டும் என்பது. மற்ற இரண்டு, 5000 மக்கள்தொகையும் சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அடர்த்தியும். ஆண்கள் வயலை விட்டுக் கூலிக்குப் போவதுதான் அந்த ஊர் நகரமாவதற்கான அடையாளமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த மாற்றம் நடக்கும் ஆண்டுகளில் பதின்வயதில் இருக்கும் சிறுவர்கள்தான் அதன் விலையைத் தங்கள் சான்றிதழால் கொடுக்கிறார்கள்.

இந்தத் தலைமுறையின் இழப்பு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. இருபது வயதில் அவன் கையில், படித்துக்கொண்டிருக்கும் நண்பனைவிட அதிகப் பணம் இருக்கும். நாற்பது வயதில், முதுகு வலிக்கத் தொடங்கியபின் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் சான்றிதழ் கேட்கிறார்கள்.

கரும்பலகை:

வழிப்போக்கன் அவர்கள் எழுதியதை ஏற்கிறேன். அதில் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது: படித்தால் பின்னால் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும் என்பது அந்தச் சிறுவனுக்குத் தெரியுமா? ராபர்ட் ஜென்சன் டொமினிக்கன் குடியரசில் 2001இல் எட்டாம் வகுப்புச் சிறுவர்களிடம் இதைக் கேட்டார். மேல்நிலைப் படிப்பை முடித்தவர்களுக்கு உண்மையில் கிடைக்கும் ஊதியத்தைவிட மிகக் குறைவாகவே அவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். தங்கள் பகுதியில் நன்கு படித்தவர்கள் அரிதாக இருந்ததால், அவர்கள் பார்த்த உலகம் அவ்வளவுதான். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் உண்மையான ஊதிய விவரத்தைச் சொன்னதும், அச்சிறுவர்கள் அடுத்த நான்கு ஆண்டுகளில் சராசரியாக 0.20 முதல் 0.35 ஆண்டு வரை கூடுதலாகப் படித்தார்கள். ஒரு தகவலைச் சொல்வதற்கு ஆகும் செலவை நினைத்தால் இது பெரிய பலன். ஆனால் மிகவும் ஏழைக் குடும்பத்துச் சிறுவர்களிடம் அந்த மாற்றம் ஏறக்குறைய நிகழவேயில்லை. தெரிந்தாலும், வீட்டில் அன்றைய வருமானம் இல்லாமல் முடியாது என்ற நிலையில் இருப்பவனுக்கு அறிவுரை போதாது, உதவித்தொகை வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்துப் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து பள்ளியை விடும் வயதை 1972இல் 15லிருந்து 16ஆக உயர்த்தியது. பின்னர் கல்வியிலோ பயிற்சியிலோ தொடர வேண்டிய வயதை 2013இல் 17ஆகவும் 2015இல் 18ஆகவும் நீட்டியது. பள்ளியில்தான் இருக்க வேண்டும் என்றில்லாமல், வேலையோடு சேர்ந்த தொழிற்பயிற்சிக்கும் இடம் கொடுத்தது. கூலி தேடும் சிறுவனை வேலையிலிருந்து பிடுங்காமல், வேலைக்குள்ளேயே கல்வியை வைத்த இந்த ஏற்பாடு புறநகர்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

படித்துறை:

நீங்கள் எல்லோரும் சிறுவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். ஏற்கெனவே நின்றுவிட்டு இப்போது முப்பது, நாற்பது வயதில் இருக்கும் ஆண்களை யார் பார்ப்பது? மாலை நேர வகுப்பு ஒன்றில் தனித்தேர்வர்களுக்கு உதவி வருகிறேன். அங்கு வருபவர்களில் யாருக்கும் படிப்பின் பயன் தெரியாமல் இல்லை. அவர்களைத் தடுப்பது நேரம். புறநகரில் வாழ்பவர் நகரத்துக்குள் வேலைக்குப் போய்த் திரும்ப நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரத்தைச் சாலையில் செலவிடுகிறார். மாலை ஆறு மணி வகுப்புக்கு அவரால் வரவே முடியாது. முறைமாற்று வேலையில் இருப்பவருக்கு ஒரு வாரம் ஒத்துவரும் நேரம் மறுவாரம் ஒத்துவராது. வகுப்பை நகரத்தின் நடுவில் வைக்காமல் அவர் இறங்கும் நிறுத்தத்தின் அருகில் வைத்தாலே வருகை கூடுகிறது.

இரண்டாவது தடை கூச்சம். மகனுடைய பள்ளிக் கட்டடத்திலேயே அப்பாவையும் உட்காரச் சொன்னால் அவர் வருவதில்லை. இதைச் சிறிய விஷயம் என்று திட்டமிடுபவர்கள் ஒதுக்குகிறார்கள். பாதிப் பேரை இழப்பது இங்கேதான்.

எண்மணி அவர்கள் சமநிலைச் சான்றிதழைக் குறிப்பிட்டார். ஜேம்ஸ் ஹெக்மனும் அவரோடு ஆய்ந்தவர்களும், ஜி.இ.டி. தேறியதோடு நின்றுவிட்டவர்களின் ஊதியம், இடைநின்ற மற்றவர்களின் ஊதியத்தைவிடப் பெரிதாக உயரவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். அதைக் காரணம் காட்டி இத்தகைய தேர்வுகளே வீண் என்று சிலர் வாதிடும்போது எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சான்றிதழ் அடுத்த படிப்புக்கோ உரிமத்துக்கோ வழிவிடும்போது அதன் மதிப்பு வேறாகிறது. இந்தியாவில் 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி, பாடங்களைப் பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாக முடிக்கவும், முடித்தவற்றைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும் வழி செய்திருக்கிறது. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்பவருக்கு, எல்லாப் பாடங்களையும் ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை என்பதுதான் வருவதற்கும் வராமல் போவதற்கும் இடையே உள்ள வேறுபாடு.

எண்மணி:

படித்துறை அவர்கள் சொன்னதற்கும் அட்டவணைக்கும் தொடர்பு இருக்கிறது. நாற்பது வயதில் தேறியவரும் பதினெட்டு வயதில் தேறியவரும் 25 வயதுக்கு மேற்பட்டோர் அட்டவணையில் ஒரே பத்தியில் வருகிறார்கள். இதற்கு நேர்மாறாக, உலக வளர்ச்சி இலக்குகளுக்காக யுனெஸ்கோ கணக்கிடும் நிறைவு விகிதம், இறுதி வகுப்புக்குரிய வயதைவிட மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் மூத்தவர்களை மட்டுமே பார்க்கிறது. மேல்நிலை 17 வயதில் முடியும் நாடென்றால் 20 முதல் 22 வயதினர். பள்ளி இன்று எப்படி இருக்கிறது என்று கேட்பவர் இரண்டாவதையும், ஊரில் உள்ள உழைப்பாளர்களின் நிலை என்ன என்று கேட்பவர் முதலாவதையும் எடுக்க வேண்டும்.

நிலவழி:

அப்படியானால் 18 முதல் 24 வயது வரையுள்ள ஆண்களை மட்டும் பிரித்தெடுத்தால் என் கேள்விக்கு விடை கிடைத்துவிடுமா?

எண்மணி:

முழுமையாகக் கிடைக்காது. அந்த வயதில்தான் பள்ளியை முடித்தவர்கள் கல்லூரி விடுதிகளுக்கும் வேறு ஊர்களுக்கும் போகிறார்கள். விடுதியில் தங்குபவரை அங்கேயே எண்ணும் கணக்கெடுப்பில், புறநகரில் மிஞ்சுபவர்களில் முடிக்காதவர்களின் பங்கு செயற்கையாகக் கூடிவிடும். அடுத்த வயதுப் பிரிவை எடுத்தால், நீங்கள் முதலில் எழுதிய குடிவருவோர் சிக்கல் திரும்பவும் வந்து சேரும். பிறந்த இடத்தையும் குடியிருந்த ஆண்டுகளையும் சேர்த்துப் பிரித்தால் நிலைமை தெளிவடையும். ஆனால் சிறிய புறநகரில் ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் எண்ணிக்கை மிகச் சிறுத்துப்போகும்.

உங்கள் கேள்விக்கு ஏற்ற வழி, பள்ளியின் பதிவேட்டிலிருந்து தொடங்குவது. ஓராண்டில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த சிறுவர்கள் அனைவரையும் பெயர்வாரியாக எடுத்துக்கொண்டு, இடையில் வந்து சேர்ந்தவர்களைச் சேர்த்து, வேறு பள்ளிக்கு மாறியவர்களை எழுத்துச் சான்று இருந்தால் மட்டும் கழித்து, மீதமுள்ளவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் 2010-11 கல்வியாண்டு முதல் இந்த முறையில்தான் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகின்றன. இதில் உயிர்நாடி அந்த எழுத்துச் சான்று. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன சிறுவனின் பெயர் இன்னொரு பள்ளியின் பதிவேட்டில் ஏறியதா என்று யாரும் கேட்காவிட்டால், அவன் வேலைக்குப் போயிருந்தாலும் பள்ளி மாறியவனாகவே கணக்கில் நிற்பான்.

கரும்பலகை:

அந்தச் சான்றைக் கேட்கும் பொறுப்பு எந்தப் பள்ளிக்கு, அனுப்பிய பள்ளிக்கா சேர்த்துக்கொண்ட பள்ளிக்கா என்பதை விதியிலேயே எழுதிவைக்க வேண்டும். அனுப்பிய பள்ளிக்குத்தான் அது இருக்க வேண்டும் என்பேன். அவனுடைய வீட்டு முகவரியும், அவன் எந்தப் பாடத்தில் பின்தங்கினான் என்ற விவரமும் அங்கேதான் இருக்கின்றன.